நோட்டரியின் சிவப்பு நகங்கள்

ஊருக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. கார்னிவலுக்கு ஜுல்மீரா ஒட்டிவிடும் நகம் கழலவே கழலாதாம். சாம்பல் புதன் வந்து, நெற்றியில் சாம்பல் பூசி, பாவாடையையும் பொய்முடியையும் மூட்டை கட்டிப் பரண்மேல் எறிந்த பிறகும் நகம் மட்டும் விரலை விடாதாம். அப்படி ஒரு பசையை அவள் வேண்டுமென்றே போடுகிறாளாம். ஊர் ஆண்களைப் பழிவாங்குகிறாளாம்.

இதற்குச் சாட்சி, நோட்டரி அதெரீத்துவின் வலது கட்டைவிரல். போன வருடம் சாம்பல் புதனுக்கு மறுநாள், அந்த விரலில் கட்டுப்போட்டுக்கொண்டுதான் ஒரு திராட்சைத் தோட்டத்தின் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். கட்டின் ஓரத்தில் சிவப்பாக எட்டிப் பார்த்தது ரத்தமா நெயில் பாலிஷா என்பதில் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பத்திரம் செல்லும்; அதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை.

கிராசிந்தாவின் காப்பிக் கடையில் இந்த வருடம் பேச்சு இன்னும் கொழுத்திருந்தது.

"பசை ஸ்பெயின்லேர்ந்து வருதாம்," என்றாள் கிராசிந்தா, காப்பி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே. எங்கள் ஊரில் கெட்டது எதுவானாலும் ஸ்பெயினிலிருந்துதான் வர வேண்டும்.

"ஸ்பெயினாவது ஒண்ணாவது. படகுல ஓட்டை விழுந்தா அடைப்பாங்கல்ல, அந்தப் பசை. துறைமுகத்துல வாங்குறா," என்றார் மூலை மேசையில் இருந்தவர்.

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அதான் ஊரே சொல்லுதே!"

ஊரே சொல்வதைத்தான் வாராவாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிவருகிறேன். ஆனால் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு காரியம் இருந்தது. ஜுல்மீராவின் நகக் கடை இருப்பது மத்ரஃபோனா சங்கத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். குத்தகை இந்த சாம்பல் புதனோடு முடிகிறது. அன்று மதியம் கூடும் சங்கக் கூட்டத்தில், "உறுப்பினர்களின் விரல்களுக்குச் சேதம் விளைவித்ததற்காக" அவளைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப்போகிறார் சங்கத் தலைவர். சங்கத் தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? அந்தக் கட்டைவிரலின் சொந்தக்காரர்தான்.

ஆகவே பேச்சு பொய்யென்றால் ஒருத்தியின் கடை அநியாயமாகப் பறிபோகப்போகிறது. மெய்யென்றாலும் பறிபோகும், ஆனால் அப்போது நான் அந்தப் பசையில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்வேன். வீட்டில் ஒரு நாற்காலிக் கால் ஆடுகிறது.

மத்ரஃபோனா என்றால் கார்னிவல் நாட்களில் பெண் வேடம் போட்டுத் தெருவில் இறங்கும் எங்கள் ஊர் ஆண்கள். கசாப்புக் கடைக்காரர், தீயணைப்பு வீரர், பல் டாக்டர், கணக்கு வாத்தியார் என எல்லோரும் வலைக் காலுறைக்குள் ரோமக் காலை நுழைத்துக்கொண்டு வருவார்கள். வருடத்தில் ஐந்து நாள் பெண்ணாகத் திரிவதற்கு ஒரு சங்கம், கொடி, முத்திரை, தலைவர். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வருடம் முழுவதும் பெண்ணாகவே வாழ்கிற ஒரு திருநங்கை. இரண்டு தரப்பும் கொஞ்சிக் குலாவும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சங்கம் அவளையும் கூப்பிட்டுப் பார்த்ததுண்டு. "எங்ககூட ஊர்வலத்துல வா, ஜுல்மீரா. நீதான் நெசமான மத்ரஃபோனா!" என்று ஒரு வருடம் கொட்டடித்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார்கள். ஜன்னலில் உட்கார்ந்து பீன்ஸ் பணியாரம் தின்றுகொண்டிருந்தவள் விரலை நக்கிவிட்டுச் சொன்னாள்: "நீங்க அஞ்சு நாள் பொம்பள வேஷம் போடுறீங்க. நான் முப்பது வருஷம் ஆம்பள வேஷம் போட்டவ. எனக்கு வேஷம் போதும் சாமி, போங்க."

அந்த முப்பது வருடத்தில் பாதியை அவள் பேரிக்காய் பொதியும் கிடங்கில் கழித்தாள். அப்பா கல்லுடைப்பவர், அவர் பிள்ளைக்கு விட்டுப்போன ஒரே சொத்து அந்தக் கைகள். அகலமான நகங்கள், உளி மாதிரிக் கட்டைவிரல்கள். லிஸ்பனுக்குப் போய்ப் பெண்ணாக வாழத் தொடங்கியதும் முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு பெட்டி ஒட்டு நகம். பெட்டியிலேயே மிகப் பெரிய நகம் அவளுடைய மோதிர விரலுக்குத்தான் சரியாக இருந்தது. கட்டைவிரலில் வைத்தால் பெரிய கதவில் சின்னப் பூட்டு மாட்டினது போல நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் சொந்த நகம் எட்டிப் பார்த்தது.

"அன்னிக்கு அழுதேன்," என்று ஒருமுறை சொன்னாள். "மறுநாள் இன்னும் நாலு பெட்டி வாங்கி, ஒவ்வொண்ணுலேர்ந்தும் பெருசு பெருசாப் பொறுக்கினேன். மிச்சம் சின்னதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் குடுத்தேன். அவ பொம்மைக்கு ஒட்டினா."

ஊர் திரும்பிக் கடை போட்டபோது அவளிடம் இருந்த அளவுகள் மாவட்டத்தில் வேறு யாரிடமும் இல்லை. அதனால்தான் தன்னைக் காலி செய்ய நினைக்கிறவரின் விரலுக்கும் அவளேதான் நகம் வைக்க வேண்டியிருக்கிறது.

கார்னிவலுக்கு முந்திய வியாழக்கிழமை கடைக்குப் போனேன். நாற்காலியில் கசாப்புக் கடை பல்தசார். ஊர்வலத்தில் அவர் மணப்பெண். மேசைமேல் விரித்திருந்த கை ஆட்டுத் தொடை அளவு இருந்தது.

"சதுரமா வை," என்றார் பல்தசார். "நீளமா, சதுரமா. டிவியில பாத்தேன்."

"சதுரம் வெச்சா உன் கை மண்வெட்டி ஆயிடும்யா. பாதாம் மாதிரி வைக்கறேன், நுனி குறுகி வரட்டும். விரல் மெலிசாத் தெரியும்."

"மெலிசாத் தெரிய வேண்டாமே. சிரிக்கத்தானே போறோம்."

ஜுல்மீரா அரத்தைக் கீழே வைத்தாள். "சிரிக்க வைக்கணும்னா எதிர்ல பொம்மைக் கடை இருக்கு, பிளாஸ்டிக் நகம் பை நிறையத் தருவான். என் மேசைல உக்காந்தா அழகாத்தான் போவணும். உன் மூஞ்சிய வெச்சு அவங்க சிரிச்சுக்கட்டும். கையப் பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது."

பல்தசார் முனகிக்கொண்டே பாதாமுக்கு இறங்கி வந்தார்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். முதலில் பசையைத் தொடுவதே இல்லை. ஒட்டு நகங்களை ஒவ்வொன்றாக விரல்மேல் வைத்துப் பார்க்கிறாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மூட வேண்டும், தோலில் ஏறக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டினால் பெரியதை எடுத்துப் பக்கங்களை அரத்தால் தேய்க்கிறாள். "சின்னத எடுத்து அமுக்கினா மத்தியானத்துக்குள்ள தெறிச்சிடும். வளைஞ்ச நகத்துமேல தட்டையா ஒண்ண வெச்சு அழுத்தினாலும் அதே கதிதான்." பத்தும் வரிசையாக மேசையில் படுத்த பிறகுதான் கை கழுவல். நகக்கண்ணின் தோலை மரக்குச்சியால் பின்னே தள்ளி, மேல்மினுக்கம் போக லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கிறாள். பல்தசாருக்கு இந்தத் துடைப்பு மட்டும் நாலு தடவை நடந்தது.

"காலைலேர்ந்து பன்னிக் கொழுப்புல கைய விட்டுட்டு வந்திருக்க. எந்தப் பசை நிக்கும்? சோப்புப் போடு, போய்."

பிறகு சுண்டுவிரலில் தொடங்கினாள். சொந்த நகத்திலும் ஒட்டு நகத்திலும் ஒரு சொட்டுப் பசை. நகத்தைச் சாய்த்து வேரோரத்தில் பதித்து, மெல்ல நுனிவரை படுக்க வைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுத்திப் பிடிக்கும்போது வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒருத்தர் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு முகத்தையும் பார்த்தால் அவர்கள் ஏதாவது சொல்லிவிடுவார்களாம், பிறகு வருத்தப்படுவார்களாம். கட்டைவிரல்கள் கடைசியில். "அத முதல்ல ஒட்டிட்டா வீட்டுச் சாவிகூட எடுக்க முடியாது, பேன்ட்டு ஜிப்பு சொல்லவே வேண்டாம்."

"பசை ஸ்பெயினா?" என்று கேட்டேன்.

குப்பியை என் பக்கம் தள்ளினாள். லிஸ்பனில் எந்த அழகுசாதனக் கடையிலும் கிடைக்கிற பசை. கிராசிந்தாவின் மகளிடமே ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருபுறமும் ஒட்டும் ஸ்டிக்கர் தாள் ஒன்றும் கிடந்தது.

"ஒரு ராத்திரிக்குன்னா ஸ்டிக்கர். வெந்நீர்ல கைய வெச்சா வந்துடும். நாலஞ்சு நாளுக்குன்னா பசை. நான் எல்லாருகிட்டயும் கேக்கறேன், எத்தனை நாளுய்யா வேணும்னு. எல்லாரும் மாரைத் தட்டிச் சொல்றாங்க: 'அஞ்சு நாளு! மதுப் பீப்பாயத் தூக்கினாலும் விழக் கூடாது!' சரின்னு ஒட்டறேன். புதன்கிழமை விடிஞ்சதும் தானா விழுந்துடணும்னா எப்படி? இன்னிக்குப் புதன்கிழமைன்னு தெரிஞ்ச பசைய இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

"அப்போ கழலும்?"

"ஏன் கழலாது? சோப்புத் தண்ணி, சூடா. ஓரத்துல எண்ணெய் விட்டு, குச்சிய நுழைச்சு, பக்கத்துலேர்ந்து பக்கமா அசைக்கணும். பிடிவாதம் பிடிச்சா அசிட்டோன். அரை மணிப் பொறுமை. காசுகூட வாங்கறதில்ல நான்."

"பின்னே நோட்டரியோட கட்டைவிரல்?"

இப்போதுதான் சிரித்தாள். பல்தசார் தன் பாதாம் நகங்களில் மிகவும் ஆழ்ந்துபோனவர் போல ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். கார்னிவலுக்கு முன்னால் எல்லோரும் முன்வாசல் வழியாக வருவார்கள். பாடிக்கொண்டு, மனைவியோடு, போட்டோ பிடித்துக்கொண்டு. சாம்பல் புதன் சாயங்காலம் அதே ஆட்கள் கோட்டுப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு சந்துப் பக்கம் வந்து பின்கதவைத் தட்டுவார்கள். வேடத்தோடு நகம் இருந்தால் வீரம். வேடத்தைக் கழற்றிய பிறகு அதே நகம் இருந்தால், அப்புறம் ஜுல்மீராவுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டுவிடுவார்களே!

அவளும் பல வருடம் பின்கதவைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை ரொட்டிக் கடையில் ஒருவருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாள். முந்திய நாள் சாயங்காலம் அரை மணி நேரம் அவர் கையை வெந்நீரில் பிடித்துக்கொண்டிருந்தவள். அவர் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். "யாருங்க அது?" என்று மனைவி கேட்டதற்கு, "யாரோ," என்றார்.

"ரொட்டிய வாங்கிட்டு நேரா இரும்புக் கடைக்குப் போனேன். பின்கதவுக்கு இருக்கிறதுலயே பெரிய பூட்டா எடுத்தேன்," என்றாள் ஜுல்மீரா. "இப்போ சட்டம் இதுதான். கழட்டணுமா? பகல்ல வா. முன்வாசல் வழியா வா. 'வணக்கம் ஜுல்மீரா'ன்னு பேரச் சொல்லி உள்ள வா. அவ்வளவுதான் கூலி."

போன வருடம் அதெரீத்து சந்தில் நின்று பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குறடால் இழுத்துக்கொண்டார். கட்டைவிரலின் சொந்த நகத்தில் பாதி கூடவே வந்துவிட்டது. கழலாதது பசையில்லை, அந்தப் பூட்டு. இதை ஊருக்குச் சொல்ல முடியாதே! அதனால் பசையைச் சொன்னார்.

பூட்டு எல்லோருக்குமா என்று கேட்டேன். ஏனென்றால் ஊரில் கார்னிவலுக்காக இல்லாமல் தனக்காகவே நகம் ஒட்டிக்கொள்ளும் ஆண்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு லாரிக்காரர் இருக்கிறார். ஞாயிறு ஒரு நாள், மனைவிக்கு மட்டும் தெரிந்து, வீட்டுக்குள்ளேயே பாவாடை கட்டி உட்கார்ந்திருப்பார். திங்கள் காலை சரக்கேற்ற வேண்டும்.

"அவருக்கு ஸ்டிக்கர், நல்லாக் குட்டையா, வெளிர் ரோஜா. நானே வீட்டுக்குப் போய் வெச்சுட்டு வரேன். பயப்படறவங்ககிட்ட நான் போவேன். கேலி பண்றவன்தான் என் வாசலுக்கு வரணும்." பிறகு என் கையைப் பார்த்தாள். "உனக்கு என்ன நிறம்?"

எனக்கு என்ன நிறம் என்பது இந்தப் பத்திக்கு அப்பாற்பட்டது.

அன்று சாயங்காலம் அதெரீத்துவும் வந்தார், மனைவியோடு, பாடிக்கொண்டே. இந்த வருடம் அவர் பேரரசி. கிரீடத்துக்குப் பொருத்தமாக ரத்தச் சிவப்பு வேண்டும் என்றார்.

"டாக்டர் அய்யா, ஸ்டிக்கரா பசையா?" என்றாள் ஜுல்மீரா. எங்கள் ஊரில் சட்டம் படித்தவரும் டாக்டர்தான்.

"பேரரசிக்கு ஸ்டிக்கரா? பசை போடு! ஆனா போன வருஷம் போட்ட பசை வேண்டாம்."

"அதே குப்பிதான். கழட்டற வழியும் அதேதான். மறந்துடலையே?"

"புதன்கிழமை இந்தக் கடையே இருக்குமான்னு பாப்போம், அம்மணி," என்று கண்ணடித்தார் தலைவர். கையை மட்டும் ஆடாமல் மேசைமேல் வைத்திருந்தார்.

ஜுல்மீரா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலில் போன வருடத்து வடு இன்னும் மேடாக இருந்தது. அதன்மேல் உட்காருவதற்காக நகத்தின் உள்பக்கத்தைக் கொஞ்சம் அரத்தால் குழித்தாள். வேறு யாருடைய நகத்துக்கும் அவள் அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

கார்னிவலைப் பற்றி எழுதப்போவதில்லை, நீங்களும்தான் இருந்தீர்கள். பேரரசி கையை ஆட்டிக்கொண்டே ஊரைச் சுற்றினார், மணப்பெண் பீப்பாயைத் தூக்கினார், ஒரு நகம் விழவில்லை.

புதன் மதியம் சங்கக் கூட்டம். கூட்டத்தைச் சாம்பல் புதனன்று வைப்பது சங்கத்தின் பழைய வழக்கம். அன்றுதான் எல்லோரும் ஊரில் இருப்பார்கள், எல்லோருக்கும் தலைவலி இருக்கும், எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. கோட்டு, டை, நெற்றியில் சாம்பல். அத்தனை பேர் கையும் கோட்டுப்பையில். மாதா கோவிலில் சாம்பல் பூசிய பாதிரியார்கூட, இந்த வருடம் யாரும் கை கூப்பவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டாராம்.

ஜுல்மீரா குத்தகைக்காரி என்ற முறையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீலப் பாதாம் நகங்கள் பத்தும் கைப்பையின் மேல் விரித்து வைக்கப்பட்டிருந்தன.

அதெரீத்து தீர்மானத்தைப் படித்தார். தாளைச் செயலாளர் பிடித்துக்கொண்டார். தலைவருக்குக் கையை வெளியே எடுக்க மனமில்லை. "சேதம்", "அலட்சியம்", "சங்கத்தின் மானம்" எல்லாம் வந்தன.

"ஆதரிக்கிறவங்க," என்றார் கடைசியில், வருடா வருடம் சொல்கிற அதே குரலில், "கைய உயர்த்துங்க."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

யாரும் அசையவில்லை. பல் டாக்டரின் தோள் கொஞ்சம் எழுந்தது. கை கோட்டுப்பையிலேயே தங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் கூரையை ஆராய்ந்தார்.

"உயர்த்துங்கய்யா," என்றாள் ஜுல்மீரா, திரும்பி எல்லோரையும் பார்த்து. "என்ன வெக்கம்? நேத்துவரைக்கும் ஊர் பூரா ஆட்டினீங்களே. நானும் ஒரு தடவை பாத்துக்கறேன், எப்படி நின்னிருக்குன்னு. என்ன வெளிய தள்ளணுமா? தள்ளுங்க. ஆனா நான் ஒட்டின நகத்தோட தள்ளுங்க."

"இது... இது சட்ட விரோதம். வாய்மொழியா வாக்கெடுப்பு நடத்தலாம்," என்றார் தலைவர்.

"சங்க விதில கை உயர்த்தணும்னுதான் இருக்கு டாக்டர் அய்யா. நீங்க எழுதின விதிதானே அது," என்றார் செயலாளர். அவர் வேடம் போடாதவர், முதுகுவலிக்காரர், சந்தோஷமாக இருந்தார்.

"சரி. எதிர்க்கிறவங்க?"

அதற்கும் யாரும் அசையவில்லை. எதிர்க்கவும் கைதானே வேண்டும்!

அப்போது பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. பல்தசார் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். மயில்பச்சைப் பாதாம்கள் பத்தும் குழல்விளக்கில் மின்னின. ஒன்றிலும் கீறல் இல்லை.

"நான் எதிர்க்கறேன்," என்றார். "இன்னிக்குக் காலைல இந்தக் கையோட கடையத் திறந்து கல்லீரல் வெட்டிக் குடுத்தேன். கர்வால்யோ சார் வீட்டம்மா என்ன நிறம்னு கேட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது. எவனும் செத்துப்போகல."

யாரோ சிரித்தார்கள். தீயணைப்பு வீரர்கள் இருவர் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள், பிறகு வாத்தியார், பிறகு பல் டாக்டர். அவர் எதற்கு வாக்களிக்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். கை தூக்கிய நிம்மதி முகத்தில் இருந்தது. ஊதா, பவளம், தங்கத்தூள், கறுப்பு. செயலாளர் எண்ணினார், நடுவில் சிரித்துவிட்டு மறுபடியும் எண்ணினார். குத்தகை நீடித்தது.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் படியிறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, சதுக்கத்துப் பக்கம் முன்வாசலில் வரிசையில் நின்றார்கள். "வணக்கம் ஜுல்மீரா." "வணக்கம் ஜுல்மீரா." சிலர் முணுமுணுத்தார்கள்; "காது கேக்கல," என்று அவர்களைத் திரும்பச் சொல்ல வைத்தாள். பல்தசார் மட்டும் வரவில்லை. ஈஸ்டர்வரை வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அதெரீத்து கடைசியாக வந்தார், தோல் கையுறை மாட்டிக்கொண்டு. சதுக்கத்தைப் பட்டப்பகலில் கடந்துதான் வந்தார், அதை நான் மறைக்கக் கூடாது. வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து கிராசிந்தா காப்பிக் கடையிலிருந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"ம்," என்றார் நோட்டரி.

ஜுல்மீரா திருப்பி அனுப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கையுறையை அவளே உருவிவிட்டு, வெந்நீர்க் கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தினாள். பத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வடுவிருந்த கட்டைவிரலுக்கு மட்டும் எண்ணெய் இரண்டு முறை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவர் பணப்பையை எடுத்தார்.

"காசு வேண்டாம் டாக்டர் அய்யா. கூலி என்னன்னு தெரியும். பாக்கி நிக்குது."

அது நடந்து மூன்று வாரமாகிறது. தினமும் காலையில் கிராசிந்தாவின் கடைக்கு வெளியே, வெயில் விழும் மேசையில் ஜுல்மீரா காப்பி குடிக்கிறாள். அலுவலகத்துக்குப் போகும் நோட்டரி அந்த மேசையைக் கடந்தாக வேண்டும். முதல் வாரம் எதிர்ச்சாரியில் போனார். இரண்டாவது வாரம் இந்தப் பக்கமே வந்தார், தொலைபேசியில் பேசிக்கொண்டு. தொலைபேசியின் திரை இருண்டுகிடந்ததை கிராசிந்தா பார்த்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை குத்தகைப் பத்திரத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார். மேலே அழகான கையெழுத்தில் "மதிப்புக்குரிய திருமதி ஜுல்மீரா அவர்களுக்கு" என்று இருந்தது.

"இத வரவு வெச்சுக்கலாமே," என்றேன்.

"எழுதினதெல்லாம் செல்லாது. வாயாலதான்," என்று அதை மடித்துக் கைப்பையில் போட்டாள். எதிரே நோட்டரி வந்துகொண்டிருந்தார். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் வெளியே, நடைபாதைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.